மஞ்சள் தண்ணீரில் அலசிய கீழாநெல்லி

என் அண்ணனுடைய ஈரலில் இருந்த கட்டியின் தூரத்துச் சொந்தங்களை ஒரு மார்கழி மத்தியானத்தில் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்தேன். சின்னத் தீவுகளாக, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, ஓரம் மின்னக் கிடந்தன. அழகாக இருக்கின்றனவே என்றுதான் முதலில் தோன்றியது. தோன்றியதும் வெட்கமாகிவிட்டது. கண்ணை எடுத்தேன். எடுத்த கண் மறுபடி அங்கேயே போனது.

“தொடாதீங்க. மேல மூச்சு விடாதீங்க. முடிஞ்சா கவிதை எதுவும் யோசிக்காதீங்க” என்றாள் மனைவி.

அவள் மதுரையில் ஒரு மிஷன் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. நாற்பத்தைந்து வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி டிபன் பாக்ஸோடு ஆய்வுக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய ஆராய்ச்சி கீழாநெல்லி. வயலோரத்தில், வாய்க்கால் கரையில், செங்கல் இடுக்கில் எங்கும் முளைப்பது; இலைக்கு அடியில் கடுகை விடக் கொஞ்சம் பெரிய காய்களை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பது. மஞ்சள் காமாலைக்கு அதை அரைத்துக் குடிக்காத குடும்பம் எங்கள் பக்கம் இல்லை. அதற்குள் இருக்கும் ஏதோ ஒன்று ஈரல் புற்றின் செல்லைத் தடுக்குமா என்பது அவள் கேள்வி. மைக்ராஸ்கோப்பின் கீழே தட்டில் இருந்த செல்கள், எந்தக் காலத்திலோ எந்த நாட்டிலோ ஈரலில் புற்று வந்த ஒருவரிடமிருந்து எடுத்தவை. ஊர் பெயர் தெரியாத அந்த ஆளின் ஒரு துணுக்கு மட்டும் சாக மறந்து, குடுவை குடுவையாகப் பெருகி, இந்த மார்கழியில் மதுரை வரை வந்து, உடம்புச் சூடு வைத்த பெட்டிக்குள் கதகதப்பாக உட்கார்ந்திருக்கிறது.

ஆய்வுக்கூடத்துக்குப் பின்சுவரை ஒட்டிக் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம். சிலுவைகளுக்கு நடுவே, யாரும் தண்ணீர் ஊற்றாமலே, சுடுகாட்டு மல்லி வருடம் முழுக்க ரோஸ் நிறத்தில் பூத்துக் கிடக்கும். நித்தியகல்யாணி என்றும் சொல்வார்கள். ஒருநாள் டீ குடிக்கும்போது அவள் அதைக் காட்டி, “ரத்தப் புத்து வந்த பிள்ளைகளுக்கு ஏத்துற மருந்து ஒண்ணு இதுல இருந்துதான் எடுத்தது. தெரியுமா?” என்றாள். எனக்குத் தெரியாது. கையில் இருந்த டீ ஆறிப்போனது. ஓடமுடியாத செடி சமைக்கக் கற்றுக்கொண்டது என்று நோட்டில் எழுதினேன். புழு வந்தால் ஒன்று, பூஞ்சை வந்தால் ஒன்று, வெயிலுக்கு ஒன்று. ஒரே இடத்தில் நின்றபடி, தன்னைக் காத்துக்கொள்ள அது காய்ச்சிய கசப்பில் ஒரு சொட்டு, எங்கோ ஒரு பிள்ளையின் ரத்தத்தில் ஓடுகிறது.

“ஒண்ணு கெடைச்சது. அதுக்காக எல்லாம் கெடைச்சிரும்னு இல்ல” என்றாள். அந்த வாக்கியத்தை நான் நோட்டில் எழுதவில்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னை விடப் பத்து வயது மூத்தவர். பேரையூர் பக்கம் பாதி கரிசலும் பாதி செவலுமாகக் கொஞ்சம் நிலம். பீடி, வெற்றிலை, சாராயம் எதுவும் கிடையாது. சின்ன வயதில் எப்படியோ ரத்தத்தில் ஏறிய காமாலைக் கிருமி ஒன்று ஐம்பது வருடம் சத்தமில்லாமல் குடியிருந்து, போன ஐப்பசியில் ஈரலில் கட்டியாகத் தலைகாட்டியது. ஊரில் எல்லோரும் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். “டீயைத் தவிர எதையும் குடிச்சதில்ல. எவனோ டீயில கலந்துட்டான்போல” என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் வெள்ளைத்தாளில் படம் போட்டுக் காட்டினார். தொடையில் ரத்தக்குழாயைத் துளைத்து, மெல்லிய குழாய் ஒன்றை ஈரல் வரை அனுப்பி, கட்டிக்குப் போகும் ரத்தத்திலேயே மருந்தை விட்டு, அந்தப் பாதையை அடைத்துவிடுவார்களாம். ஈரலுக்கு இப்போது தெம்பு இருக்கிறது, செய்யலாம். தள்ளிப்போட்டால் இதுவும் முடியாமல் போகலாம் என்றார். பொங்கல் கழிந்த வாரத்தில் நாள் குறித்துக் கொடுத்தார். அண்ணன் தலையை ஆட்டினார். ஆட்டிய தலைக்குள் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்னால், கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில், மனைவிக்காக அவர் வயலில் செடி பறிக்கப் போனோம். அவள் வரவில்லை, கல்லூரியில் தேர்வு. வேரோடு பிடுங்க வேண்டும், மண் போகச் சுத்தமாகக் கழுவ வேண்டும், நிழலில் காயவைக்க வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தாள்.

அண்ணன் வரப்பில் செருப்பைக் கழற்றினார். மடியிலிருந்து மஞ்சள் தோய்த்த நூலை எடுத்தார். முதல் செடியின் தண்டில், கைக்குழந்தைக்கு அரைஞாண் கட்டுகிற பதமாக, ஒரு சுற்று கட்டினார். செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை அதன் தூரில் ஊற்றினார். குனிந்து ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை.

“என்னண்ணே சொன்ன?”

“மன்னிச்சுக்கன்னு சொன்னேன். உசுரை எடுக்கப் போறோம்ல. சொல்லாமப் பறிச்சா அது மருந்தா இருக்காது, வெறும் தழைதான்.”

“இம்புட்டுச் செடிக்கும் தனித்தனியா சொல்லணுமா?”

“தலைச்செடிக்குச் சொன்னாப் போதும். அது மத்ததுகளுக்குச் சொல்லிக்கிரும்.”

அண்ணி பம்புசெட் ஓரம் நின்று சிரித்தார். “செடிக்கிட்ட மன்னிப்புக் கேக்குற மனுசன். கல்யாணம் ஆகி முப்பது வருசம், என்கிட்ட ஒருநா கேட்டிருப்பாரா?”

“நீ என்ன மருந்தா?” என்றார் அண்ணன்.

பறித்த கட்டுகளை அவர் மண் போகக் கழுவினார். பிறகு, அண்டாவில் கரைத்து வைத்திருந்த மஞ்சள் தண்ணீரில் ஒவ்வொரு கட்டையும் முக்கி எடுத்து, உதறி, களத்தில் விரித்த வேட்டியின் மேல் பரப்பினார். பச்சை இலைகளில் மஞ்சள் துளிகள். அத்தனை துளியிலும் வெயில். நான் அப்படியே நின்றுவிட்டேன். நோட்டை எடுத்து எழுதினேன்: நூலை, செம்பை, அண்டாவை, உதறும்போது அண்ணன் கையில் தெரிந்த நரம்பை. ஒன்று விடாமல் எழுதினேன். மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கும் மஞ்சள், அம்மைக்கும் மஞ்சள். சுத்தம் என்றால் மஞ்சள்தானே.

மார்கழியில் சோதனை. உள்ளங்கை அகலத் தட்டு ஒன்று, அதில் பட்டாணி கொள்ளும் அளவில் வரிசை வரிசையாகக் குழிகள். குழிக்குக் குழி புற்றுச் செல்கள். நடு வரிசையில் மட்டும் அண்ணன் செடியின் சாறு, மற்றவற்றில் இல்லை. இரண்டு நாள் கழித்து எல்லாவற்றிலும் மஞ்சள் நிறச் சாயம் ஒன்றை விட்டாள். செல் உயிரோடு இருந்தால் அந்த மஞ்சளைத் தின்று ஊதாவாக மாற்றிவிடும். செத்திருந்தால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும்.

தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கத்தரிப்பூ நிறத்தில் குழிகள், அடர்ந்து, ஜோராக. நடுவே ஒரு வரிசை மட்டும் முழுக்க மஞ்சள்.

அண்ணன் கண்ணின் வெள்ளையில் அந்த நிறம் வந்துவிடுமோ என்று ஐப்பசியிலிருந்து நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். அதே நிறம் இங்கே உட்கார்ந்து சிரித்தது. அவளோ முகத்தை இறுக்கிக்கொண்டு, “திரும்பப் பண்ணணும்” என்றாள். அவ்வளவுதான். நான் படியிறங்கி, கல்லறைச் சுவருக்குப் பக்கத்தில் நின்று, அண்ணனுக்குப் போன் போட்டேன். இந்த வாய் இருக்கிறதே.

“அண்ணே, செத்துப்போச்சுண்ணே!”

“யாருடா?”

“ஆளு இல்லண்ணே. ஈரல் புத்து செல்லு. நீ குடுத்த செடிச் சாறு பட்ட வரிசை முழுக்கச் செத்துக் கெடக்கு. என் கண்ணால பார்த்தேன்.”

அந்தப் பக்கம் மாடு ஒன்று கழுத்தை ஆட்டும் மணி மட்டும் கேட்டது. பிறகு, “நல்லதுடா தம்பி” என்று வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அண்ணி போன் செய்தார். அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லிச் சாறு. என் மருந்து என் வரப்புலயே இருக்கு, தொடையில எதுக்கு ஓட்டை என்று கேட்கிறாராம். “நீங்க என்ன சொன்னீகளோ தெரியல கொழுந்தனாரே. மனுசன் சிரிச்சுக்கிட்டே சாகப் போறாரு” என்று சொல்லிவிட்டு அண்ணி அழுதார்.

மனைவி என்னை எப்படிப் பார்த்தாள் என்று எழுத எனக்கு வரவில்லை.

“என்னங்க சொன்னீங்க அவர்ட்ட?”

“நடந்ததைத்தான சொன்னேன்.”

“பெட்ரோல் ஊத்துனாலும் அந்த செல்லு சாகும். வெந்நி ஊத்துனாலும் சாகும். தட்டுல கொல்றது ஒரு காரியமா? நல்ல செல்லைக் கொல்லாம இருக்கணும். வயித்தைத் தாண்டணும். ரத்தத்துல நிக்கணும். அதுக்கப்புறம் எலி, அதுக்கப்புறம் மனுசங்க, வருசக்கணக்கா. நான் முதப் படில ஒத்தக் காலை வச்சிருக்கேன். நீங்க மொட்டை மாடில நின்னு கொடி ஆட்டிட்டீங்க.”

அவள் திரும்பச் செய்தாள். அண்ணன் செடியை அரைத்த தூள் தீர்ந்திருந்ததால், கல்லூரிப் பின்கட்டில் முளைத்த கீழாநெல்லியைப் பிடுங்கிக் காயவைத்து, அதே முறை, அதே அளவு. தட்டு முழுக்க ஊதா. இன்னொரு தரம். ஊதா. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரே செடி, ஒன்று கொல்கிறது, ஒன்று சும்மா இருக்கிறது. பேரையூர் மண்ணில் அப்படி என்ன இருக்கிறது?

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் என்னைக் கூப்பிட்டாள். மெல்லிய வெள்ளைத் தகடு ஒன்று. அதன் அடியில், அண்ணன் செடிச் சாற்றில் மிச்சமிருந்த ஒரு சொட்டையும் கல்லூரிச் செடிச் சாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் பொட்டு வைத்து, கொஞ்சம் திரவத்தில் நிறுத்தியிருந்தாள். திரவம் மேலே ஏற ஏற, சாற்றுக்குள் இருந்தவை ஒவ்வொன்றாகப் பிரிந்து, தன் தன் உயரத்தில் நின்றுகொண்டன. பச்சை, அதற்கு மேல் வேறு பச்சை, சாம்பல், பெயர் சொல்ல முடியாத ஒரு நிறம். ஒரு விரல் உயரச் செடிக்குள் இம்புட்டுப் பேரா! கறுப்புப் பெட்டிக்குள் தகட்டை வைத்து ஊதா விளக்கைப் போட்டாள். அண்ணன் செடியின் பக்கத்தில் மட்டும் ஒரு பொட்டு, மின்மினி மாதிரி, மஞ்சளும் பச்சையுமாக எரிந்தது. மற்றதில் அது இல்லை.

“இது கீழாநெல்லில இருக்கக்கூடாது. முதல் வருசப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர்ற பாடம் இது. அடுப்படில இருக்கிற மஞ்சள். எப்படி வந்துச்சு?”

என் பையில் அந்த நோட்டு இருந்தது. எடுத்து, கார்த்திகைப் பக்கத்தைத் திருப்பி, அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். நூல், செம்பு, அண்டா. படித்து முடித்து நோட்டை மூடினாள்.

“நல்லா எழுதியிருக்கீங்க” என்றாள். அதை விட என்னை அடித்திருக்கலாம்.

மறுநாள் காலையிலேயே பேரையூர் பஸ் ஏறினோம். பஸ் முழுக்கப் பொங்கல். இலையோடும் கிழங்கோடும் மஞ்சள் கொத்துகள் மடிகளிலும் கால்களுக்கிடையிலும். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து ஏறியவர்கள் நிற்க இடமில்லாமல் அந்த இலைகளுக்கு நடுவே நின்றார்கள். பஸ்ஸே மஞ்சள் வாசம் அடித்தது. மனைவி ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். “செல்லைக் கொன்னது அவர் வச்ச மஞ்சள்தான்னு அவர்ட்ட எப்படிச் சொல்றது?” என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அவளுடைய இரண்டு மாத உழைப்பும் போயிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அண்ணன் எங்களைப் பார்த்ததும், “வாங்க டீச்சரம்மா, என் செடி பாஸா?” என்றார்.

அவள் நேராகப் பருத்தி மூட்டை போட்டிருக்கும் இருட்டறைக்குள் அவரைக் கூட்டிப்போனாள். செடிக்குக் கட்டிய அதே மஞ்சள் நூலை அவர் தன் கையிலும் கட்டியிருந்தார்; அதில் ஒரு துண்டு வாங்கினாள். மருந்துக்கடையில் வாங்கிய ஸ்பிரிட்டைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி நூலைப் போட்டாள். கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்கும் சின்ன ஊதா டார்ச்சை அடித்தாள். டம்ளர் பச்சைத் தீ மாதிரி ஒளிர்ந்தது.

“ஏ அம்மாடி!” என்றார் அண்ணி.

அண்ணன் குனிந்து, டம்ளருக்குச் சமமாகக் கண்ணை வைத்துப் பார்த்தார்.

“மாமா, அந்த வரிசையில செல்லு செத்ததுக்கு இதுதான் காரணம்னு நினைக்கிறேன். உங்க மஞ்சள் தண்ணி. நீங்க சாமி கும்பிட்டது தப்பில்ல. அப்படிச் செய்வீங்கன்னு நான் யோசிக்காததுதான் தப்பு.”

“அப்ப மஞ்சள்தான் மருந்தா? அதையே குடிச்சுருறேன்.”

“தட்டுல கொல்லும். வாயால சாப்பிட்டா ரத்தத்துல நிக்கவே மாட்டேங்குது. எத்தனையோ ஊர்ல எத்தனையோ பேர் அதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காங்க.”

“சரி. உன் கீழாநெல்லி? அது என்னைக் காப்பாத்துமா?”

ஒரு சின்னப் பொய் போதும், ஏதாவது ஒரு பக்கமாக.

“தெரியல மாமா” என்றாள். “எனக்கு இன்னும் ஒண்ணுமே தெரியல. அதுக்குள்ள என்ன இருக்குன்னே முழுசாத் தெரியல. தெரிய எம்புட்டு வருசம் ஆகும்னும் தெரியல. அதுவரைக்கும் உங்க கட்டி காத்திருக்காது.”

அண்ணன் மூட்டை மேல் உட்கார்ந்தார். “இம்புட்டுப் படிச்சவ தெரியலங்குறா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதில் கேலி இல்லை. மழை எப்போ வருமென்று கேட்பவர்களிடம் வாழ்நாளெல்லாம் அதே வார்த்தையைச் சொல்லி வந்தவர் அவர்.

“ஆஸ்பத்திரில விடுற மருந்து மட்டும் என்ன பண்ணும்னு தெரியுமா?”

“குணமாக்கும்னு யாரும் சத்தியம் பண்ண மாட்டாங்க. ஆனா அதை மனுசங்க மேல பார்த்திருக்காங்க. கட்டியை அடக்கி வைக்கும், கொஞ்சம் காலம் கிடைக்கும்.”

“அது எதுல எடுக்குறது? கம்பெனிக் கெமிக்கலா?”

“உங்களுக்கு எழுதியிருக்கிறது முதல்ல மண்ணுல கெடைச்சது மாமா. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் ஒண்ணு. முத மழைக்கு மண்ணு வாசம் கெளம்புதுல்ல? அந்த வாசத்தைப் பண்ற கூட்டத்தைச் சேர்ந்தது.”

அண்ணன் நிமிர்ந்தார். “மண்ணு வாசமா?”

“ஆமா.”

“அந்த வாசத்துக்கு ஒரு உசுரு இருக்கா?”

“இருக்கு.”

அறுபது வருடம் அந்த வாசத்துக்காக வானத்தைப் பார்த்த மனிதர். மூக்கை ஒருதரம் உறிஞ்சினார். இருட்டறையில் பருத்தியும் ஸ்பிரிட்டும்தான் மணத்தன. என்றாலும் அவர் வேறு எதையோ முகர்ந்தார் என்று நினைக்கிறேன். இத்தனை வருடம் மண்வாசம், மண்வாசம் என்று எழுதியவன் நான். அது ஒருவரின் மூச்சு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

“அண்ணனை நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணச் சொல்லுங்க தம்பி” என்று அண்ணி என்னிடம் சொன்னார். பக்கத்தில் நிற்கும் புருசனைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல்.

“பண்றேன், பண்றேன். காது கேக்குது” என்றார் அண்ணன்.

டாக்டர் குறித்த நாள் மாறவில்லை, ஆஸ்பத்திரியில் அதே நாளிலேயே எடுத்துக்கொண்டார்கள். இத்தனை நாள் காலையில் குடித்துவந்த சாற்றைப் பற்றியும் டாக்டரிடம் சொல்ல வைத்தாள் மனைவி. அவர் முகம் சுளித்து, ரத்தத்தை மறுபடி பரிசோதித்து, பிறகுதான் சரி என்றார். உள்ளே போகும் முன், அண்ணன் கையிலிருந்த நூலைக் கழற்றச் சொன்னார் நர்ஸ். அண்ணன் அதை மனைவியிடம் கொடுத்தார். “பத்திரமா வச்சுக்க டீச்சரம்மா. மறந்துகூட உன் தட்டுல போட்டுறாத.”

சாயங்காலம் வார்டில் பார்த்தபோது காலை நீட்டி மல்லாந்து கிடந்தார். அசையக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். லேசாகக் காய்ச்சல். ஒரு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அண்ணி அவர் உதட்டை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டிருந்தார்.

“முழிச்சுக்கிட்டேதான்டா இருந்தேன்” என்றார் என்னிடம், குரலே எழும்பாமல். “மருந்தை ஊசில எடுக்கும்போது காட்டுங்கன்னேன். அந்த நர்ஸ் பிள்ளை காட்டுச்சு. செவப்புடா. நம்ம செவக்காட்டுல முத மழைக்கு வரப்பு ஒடைச்சு ஓடும்ல, அந்தத் தண்ணி. அச்சு அசல் அதே நெறம்.”

“பேசாதீங்க” என்றார் அண்ணி.

“இரு. உள்ள விடுறதுக்கு முன்னாடி அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டேன்.”

“என்னன்னு மாமா?” என்றாள் மனைவி.

“மன்னிச்சுக்கன்னுதான். மண்ணுல இருந்து எடுக்குறப்ப எவனும் கேட்டிருக்க மாட்டான்ல” என்றார் அண்ணன். கண்ணை மூடிக்கொண்டார். மூடுவதற்கு முன் பார்த்தேன், வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.